இலவு காத்த கிளியை ஏமாற்றியது யார்?

ஏப்ரல் 6, இரவு 9:12 (கேள்வி)

சின்ன வயதிலிருந்து "இலவு காத்த கிளி மாதிரி" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான். நேற்று ஒரு இலவ மரத்தடியில் நின்றபோதுதான் இது தோன்றியது. கடைசியில் வெடித்துப் பஞ்சாகப் பறக்கப்போகிற காயை, மரம் எதற்குப் பழம் மாதிரி மாதக்கணக்கில் தொங்கவிட வேண்டும்? கிளியை ஏமாற்றி மரத்துக்கு என்ன ஆகப்போகிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 7, காலை 6:50 (பதில்)

மரம் ஏமாற்றவில்லை. கிளிதான் தன் பெயர் இல்லாத ரேஷன் கடையில் வரிசையில் நின்றது.

ஒரு மரம் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால் அது தெரியும்படித்தான் கூப்பிடும். காய் நிறம் மாறும், மணக்கும், சதை இனிக்கும். நாவல் பழுத்தால் தெருவுக்கே தெரிகிறது. இலவங்காய் பச்சையாக இருக்கும், அப்புறம் பழுப்பாகும், அவ்வளவுதான். மணமும் இல்லை, சதையும் இல்லை. அது காற்றுக்குச் செய்த காய். கோடைக் காற்றில் நெற்று வெடித்து, ஒவ்வொரு விதையும் தன்மேல் முளைத்த பஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்.

இன்னொன்றும் உண்டு. மரத்தின் கணக்கில் கிளி மோசமான விருந்தாளி. காகமோ குயிலோ பழத்தை விழுங்கிவிட்டுக் கொட்டையை எங்கேயாவது முழுசாகப் போட்டுவிடும். கிளிக்குக் கொட்டைதான் வேண்டும், அலகால் உடைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். தன் பிள்ளையைக் கடித்துத் தின்கிறவனுக்கு யார் இலை போடுவார்கள்?

ஏப்ரல் 7, மதியம் 1:30

சமைக்கும்போது நினைவு வந்தது. இலவ மரம் பறவைகளைக் கூப்பிடவே இல்லை என்பதுபோல எழுதிவிட்டேன், தப்பு. மாசி மாதம் இலையெல்லாம் உதிர்ந்த மொட்டை மரத்தில் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது போய்ப் பாருங்கள். மைனா, காகம், தேன்சிட்டு, கிளி எல்லாம் அங்கேதான். பூவுக்குள் தேன் தளும்பும். அது மகரந்தம் சுமப்பதற்கான கூலி. கூலி அந்த இடத்திலேயே கொடுத்துக் கணக்கு முடிந்துவிட்டது. விதை சுமக்கிற வேலைக்கு மரம் வேறு ஆளை வைத்திருக்கிறது, அந்த ஆளுக்குச் சாப்பாடு வேண்டாம்.

பூவில் தேன் குடித்த கிளி, பூவே இப்படி என்றால் பழம் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்திருக்கலாம். இது என் கற்பனை, சண்டைக்கு வராதீர்கள்.

ஏப்ரல் 8, இரவு 10:05

"எந்த இலவு?" என்று கேட்டவருக்கு. நான் சொன்ன சிவப்புப் பூ மரம் முள்ளிலவு. அடிமரத்தில் கூம்புக் கூம்பாக முள் இருக்கும், இந்த மண்ணின் மரம். தலையணைப் பஞ்சுக்காகத் தேனி, போடிப் பக்கம் தோப்புத் தோப்பாக நிற்பது வேறு இலவம். அதன் பூ வெளிறியது, இரவில் விரியும், அதற்கு வாடிக்கை வௌவால். வெப்ப மண்டல அமெரிக்காவும் மேற்கு ஆப்பிரிக்காவும் அதன் பூர்வீகம். பழமொழிக் கிளி காத்திருந்தது முள்ளிலவில் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 13, மாலை 5:20

7ஆம் தேதி எழுதியதில் பெரிய பிழை. யாரும் சுட்டிக்காட்டவில்லை, மெத்தைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினார்.

அத்தைக்குக் கழுத்து வலி, பழைய தலையணையைப் பிரித்து அடைக்கக் கொண்டுபோயிருந்தேன். கடை வாசலில் ஒரு சாக்கு நெற்று கிடந்தது. ஒன்றை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். உடைத்தால் பஞ்சுக்குள் மிளகு மாதிரிக் கறுப்பு விதைகள். ஒரு விதையை எடுத்தேன், மொழுமொழுவென்று தனியாக வந்துவிட்டது. ஒரு இழைகூட அதில் ஒட்டவில்லை.

"பருத்தின்னா கொட்டையைப் பிரிக்க மில்லுக்குப் போகணும்மா. இதுக்குக் குச்சி போதும்" என்று அவர் தட்டிக் காட்டினார். விதை எல்லாம் பொலபொலவென்று கீழே.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. பருத்தியில் இழை விதையின் தோலிலிருந்தே வளர்கிறது, ஒவ்வொரு இழையும் நீண்டுபோன ஒரே ஒரு செல். இலவில் இழை விதையிலிருந்து வருவதே இல்லை, நெற்றின் உள்சுவரிலிருந்து வருகிறது. ஆக, "தன்மேல் முளைத்த பஞ்சைப் பிடித்துக்கொண்டு" என்று நான் எழுதியது சுத்தத் தப்பு. இலவ விதை வாடகை வண்டியில் போகிறது. காற்று பஞ்சைக் கொத்தாகத் தூக்கும், விதை உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும், வண்டி குலுங்குகிற இடத்தில் இறங்கிவிடும். சாலையோரம் உருளுகிற பஞ்சில் விதையே இல்லாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பஞ்சு தண்ணீரில் நனையாது, மிதக்கும். உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். ஆற்றங்கரை இலவத்தின் நெற்று தண்ணீரில் விழுந்தாலும் பயணம் நிற்காது என்று அர்த்தம்.

தலையணை நன்றாக வந்திருக்கிறது. அத்தை கழுத்து இன்னும் வலிக்கிறது என்கிறார்.

ஏப்ரல் 14, காலை 11:00

புத்தாண்டும் அதுவுமாக இதை எழுத உட்கார்ந்தால் வீட்டில் முறைக்கிறார்கள். சுருக்கமாக.

விதையோடு சேர்ந்தே பறப்பதற்கு எருக்குதான் சரியான உதாரணம், அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எருக்கங்காய் ஒரு பக்கம் கீறி வெடிக்கும். உள்ளே தட்டைப் பழுப்பு விதைகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும் பட்டுக் குஞ்சம். வெயில் பட்டுக் குஞ்சம் விரிய விரிய விதை தானாகவே கழன்றுகொள்ளும்.

நாங்கள் இதைத் தாத்தாப் பூச்சி என்போம். பிடித்து, காதில் ஏதோ சொல்லி, ஊதிவிட வேண்டும். என்ன சொல்வோம் என்பது ரகசியம். இன்னொருவர் மூக்குத்திப் பூச்செடியைத்தான் தாத்தாப்பூ என்பார்கள் என்று எழுதியிருந்தார், அதுவும் சரிதான். அதன் விதைக்கும் நரைத்த குடுமி உண்டு. நரைமுடி இருந்தால் தாத்தா, அவ்வளவுதான் ஊர் வகைப்பாடு.

ரயில் பாதை ஓரம் எருக்கு வரிசையாக நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ரயில் போகும்போது கிளம்புகிற காற்றில் குஞ்சங்கள் பின்னாலேயே ஓடுவதை மானாமதுரை போகும் வழியில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டிக்கெட் எடுக்காமல்.

ஏப்ரல் 30, இரவு 9:40

"நெருஞ்சி முள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்ற தம்பிக்கு: அது முள் இல்லை, விதையும் இல்லை, முழுக்காய். காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் கொம்பு மாதிரி முள், உள்ளே சில விதைகள். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்துக்கொண்டிருக்கும். வள்ளுவர் "நெருஞ்சிப் பழம்" என்றுதான் சொல்லியிருக்கிறார், தாவரவியல்காரர்கள் அவரிடம் குற்றம் காண முடியாது.

ஒட்டுகிற முட்காயைப் பார்த்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைக் கண்டுபிடித்த கதையை யாரும் இங்கே எடுத்துவர வேண்டாம். எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் நாயுருவி வேட்டியில் ஏறாத தாத்தா உண்டா? அதைப் பார்த்து நாம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, உதறிவிட்டுப் போய்விட்டோம். நாயுருவிக்கு வேண்டியதும் அந்த உதறல்தான்.

ஜூன் 24, காலை 7:15

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். வேப்பம்பழக் காலம். கிளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டு வேம்பில் பத்துப் பன்னிரண்டு கிளிகள். நாலு நாளாகக் காப்பியோடு நின்று பார்க்கிறேன். ஒற்றைக் காலால் பழத்தைப் பிடித்து, தோலைக் கிழித்து, சதையை வழித்துத் தின்றுவிட்டுக் கொட்டையை அப்படியே கீழே போடுகின்றன. உடைக்கவில்லை. சில, பழத்தை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு வீடு தள்ளி உள்ள தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்து தின்கின்றன. வழியில் தவறவிடுவதும் உண்டு. "தன் பிள்ளையைக் கடித்துத் தின்கிறவன்" என்று ஏப்ரலில் எழுதினேன் இல்லையா, அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கிளிக்கு எந்த விதை உடைக்கத் தகுந்ததோ அதை உடைக்கிறது. மற்றதில் அதுவும் கூரியர் பையன்தான், கொஞ்சம் கைதவறுகிற பையன்.

ஆனாலும் வேம்புக்கு நம்பகமான ஆட்கள் காகமும் குயிலும் மைனாவும் வௌவாலும். குயில் முழுசாக விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கொட்டையைக் கக்கும். வௌவால் தூக்கிக்கொண்டுபோய் வேறு மரத்தில் தொங்கிச் சப்பித் துப்பும். வேப்பங்கொட்டைக்குப் பொறுமை கிடையாது, சில வாரத்தில் முளைக்கும் சக்தி போய்விடும், மழைக்காக மாதக்கணக்கில் காத்திருக்காது. அதனால் சீக்கிரம் எடுத்துப்போகிற ஆள் வேண்டும்.

ஒரு வேடிக்கை. எங்கள் தெருக் கோடியில் காலிமனையில் வேப்பங்கன்றுகள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. யாரோ நட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். மேலே நிமிர்ந்தால் மின்கம்பி.

ஜூலை 11, மாலை 6:30

மேலே எழுதியதை எல்லோரும் ரசித்தீர்கள். பறவை விதைப்பதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மாடிச் சுவரில் அரசங்கன்று. மூன்றாவது முறை. முதல் தடவை கையால் பிடுங்கினேன், வேர் உள்ளே நின்றுவிட்டது, தளிர்த்தது. இரண்டாம் தடவை கொத்தனார் வந்து சுவரைக் கொத்தி எடுத்தார், கூலி நான் கொடுத்தேன். இப்போது அரையடி தள்ளிப் புதிதாக ஒன்று. "மைனா உட்கார இடம் இருக்கிற வரைக்கும் இது வரும்" என்கிறார் கொத்தனார். அரசம்பழத்துக்குள் விதை கசகசா மாதிரிப் பொடி. பறவை எச்சத்தோடு விரிசலில் ஒட்டினால் போதும், மண்ணே வேண்டாம்.

ஆலும் அரசும் ஏன் நிலத்தைவிட உயரத்தில் அதிகம் முளைக்கின்றன என்று யோசித்தால், பொடி விதையில் கட்டுச்சோறு கிடையாது. கீழே புல்லோடும் நிழலோடும் அதனால் போட்டிபோட முடியாது. பனை மட்டை இடுக்கில் வெளிச்சம் இருக்கிறது, சேர்ந்த தூசியும் ஈரமும் இருக்கிறது. அங்கே தொற்றிக்கொண்டு வேரைக் கீழே இறக்கும், பின்னால் பனையையே வளைத்துக் கட்டிக்கொள்ளும். பரமக்குடிக்குப் போகும் வழியில் ஆலின் நடுவே பனந்தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற மரம் ஒன்று உண்டு. சின்ன வயதில் ஒரே மரத்தில் இரண்டு விதமான இலை என்று நம்பினேன்.

ஆகஸ்ட் 3, இரவு 11:10

சீமைக்கருவேலத்தைப் பற்றி எழுதச் சொல்லி நாலு பேர். விமானத்தில் விதை தூவிப் பரப்பினார்கள் என்று வாட்சப்பில் சுற்றுகிற கதையை வைத்து ஒருவர் சண்டையே போட்டிருக்கிறார். ஐயா, 1870களிலேயே சென்னை மாகாணத்தில் அது நட்டாயிற்று. அன்றைக்கு விமானம் ஏது?

பிற்பாடு அங்கங்கே விறகுக்கும் வேலிக்கும் நட்டார்கள், அது உண்மை. ஆனால் நட்ட இடத்திலிருந்து ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம் ஆடுமாடுதான். நெற்று இனிக்கும், நானே சப்பியிருக்கிறேன். மாடு நெற்றோடு விழுங்கும், கல் மாதிரி விதை வயிற்றில் ஊறி, சாணியோடு எருவும் ஈரமுமாக வெளியே வரும். இதைவிடச் சொகுசான நாற்றங்கால் கிடையாது.

எங்கள் அப்பா ஊரில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். கீதாரியோடு பேசி, இத்தனை ராத்திரி ஆடு அடைய இத்தனை ரூபாய் என்று. புழுக்கை எருவுக்காக. மழைக்கு அப்புறம் வயலில் பயிரோடு கருவேலமும் முளைக்கும். அப்பா ஒவ்வொரு வருடமும் பிடுங்குவார், ஒவ்வொரு வருடமும் கிடை போடுவார். "அவன் எரு குடுத்தான், சேத்து விதையும் குடுத்தான்" என்பார், அதில் கோபம் இருக்காது.

இலந்தை மாதிரிப் பெரிய கொட்டைகளுக்கு ஆடு வேறு வழி வைத்திருக்கிறது. ராத்திரி அசைபோடும்போது துப்பிவிடும். காலையில் பட்டியைக் கூட்டினால் கொட்டை குவியும். இதைச் சொல்லித்தந்தது பாட்டி.

ஆகஸ்ட் 19, காலை 8:00

குலசேகரத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ரப்பர் தோட்டத்தில் காய் வெடித்துக் கொட்டை தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில் தூக்கமே இல்லையாம். அனுதாபங்கள்.

ஆமணக்கும் இதே சாதி. இரண்டும் ஒரே குடும்பம்தான். காய்ந்த ஆமணக்கை முற்றத்தில் போட்டால் பாட்டி சாக்கு போட்டு மூடுவார், இல்லாவிட்டால் கொட்டை துள்ளி வாசலைத் தாண்டும். அதோடு நிற்காது. ஆமணக்கு முத்தின் நுனியில் ஒரு சின்ன வெள்ளை மூக்கு இருக்கிறதே, அது எறும்புக்கான கொழுப்புத் தீனி. எறும்பு முத்தோடு இழுத்துக்கொண்டு போய், மூக்கைத் தின்றுவிட்டு, முத்தைப் புற்றோரம் எறியும். வெடித்து முதல் பயணம், எறும்போடு இரண்டாம் பயணம்.

செப்டம்பர் 15, இரவு 9:00

பிச்சாவரம் போய்வந்தோம். சுரபுன்னை விதையைக் கீழே போடுவதே இல்லை, மரத்திலேயே முளைக்கவைத்து, முருங்கைக்காய்க் கணக்காகத் தொங்கவிடுகிறது. அப்புறம் அது ஈட்டி மாதிரி விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். படகில் இருந்தபோது எல்லோருக்கும் விளக்கினேன். படகுக்காரர் சிரித்தார்.

செப்டம்பர் 16, காலை 6:20

அவர் ஏன் சிரித்தார் என்றால், தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் விழுந்தால் எங்கே குத்தி நிற்பது? மிதந்து போய்விடும். நாங்கள் பார்த்ததிலேயே பாதி படுத்த வாக்கில் மிதந்துகொண்டிருந்தன. வற்றுநேரத்தில் தாயடியிலேயே நிற்பதும் உண்டுதான், ஆனால் தூரம் போவது மிதப்பவை. நாள்பட மிதந்து, வேர்ப்பக்கம் கனத்து நிமிர்ந்து, ஆழம் குறைந்த இடத்தில் சேறு தட்டினால் ஊன்றிக்கொள்ளும். ஈட்டிக் கதை பாடப்புத்தகப் படம் மனதில் பதிந்ததால் வந்தது.

நவம்பர் 8, மதியம் 3:45

அடைமழை. பட்டாசுக்காய்க்கு நேரம்.

நீலப் பூ பூக்கும், வேலியோரம் தானாக வளரும் செடி. சில ஊரில் வெடிக்காய். காய்ந்த காயை எச்சில் தொட்டு அடுத்தவன் சட்டைப் பையில் போட்டால் டப்பென்று வெடிக்கும். பள்ளியில் இதற்காக வெளியே நிற்கவைக்கப்பட்டவர்கள் கை தூக்குங்கள்.

இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். காயின் நுனியை ஒட்டிவைத்திருக்கும் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும், வில்லாக விறைத்திருந்த இரண்டு பாதியும் விலகும், உள்ளே விதைக்கு ஒன்றாக இருக்கும் சின்னக் கொக்கிகள் விதைகளை வீசும். ஈரம்பட்ட விதை பிசுபிசுவென்று கொழகொழத்து விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதன் நெருங்கிய சொந்தமான தென்னமெரிக்கச் செடி ஒன்றின் காய் வெடிப்பதைக் கலிபோர்னியாவில் பொமோனா கல்லூரிக்காரர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து 2018ல் வெளியிட்டார்கள். விதை அதிகபட்சம் வினாடிக்கு 1,600 தடவைக்கு மேல்கூடப் பின்பக்கமாகச் சுழல்கிறது. அப்படிச் சுழல்வதால் தட்டை விதை காற்றில் குப்புறப் புரளாமல் கத்தி மாதிரிப் போகிறது, இழுவை குறைகிறது, கூடுதல் தூரம் போகிறது.

நானும் ஆய்வு செய்தேன். மொட்டைமாடி, டீக்கப் தண்ணீர், தையல் டேப், முப்பது காய்கள், உதவிக்கு மகன். ஆறு காய் வெடிக்கவே இல்லை. அவை பச்சை, என் அவசரம். மற்றதில் எங்களால் கண்டெடுக்க முடிந்த விதைகளில் அதிக தூரம் போனது 2 மீட்டர் 70. முக்கால்வாசி விதை எங்கே போனது என்றே தெரியவில்லை. மகன் கண்ணாடியில் ஒன்று பட்டது, அதைத் தூரக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேள்வி கேட்டவர் இன்னும் இருக்கிறீர்களா? கிளியில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன்.

நவம்பர் 9, காலை 7:05

இருக்கிறாராம். "கிளி இன்னும் காத்திருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 2, காலை 6:40

காணாமல் போன முக்கால்வாசி கிடைத்துவிட்டது. அத்தையின் ரோஜாத் தொட்டிகள் ஒன்பதில் ஏழில், வட்டமாக இரண்டிலை விட்டு நிற்கிறது. தையல் டேப் வைத்து அளந்தேன், கடைசித் தொட்டி 3 மீட்டர் 40. முந்தைய கணக்கைத் திருத்திக்கொள்ளவும்.

அத்தை "இது என்ன செடி, மைனா போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.